தூக்குச்சட்டிக்குப் போகாத கறி

கிருபாபுரத்து மேலத்தெருவில் பாக்கியவதியின் பன்றிக்கறியைத் தின்னாத வீடு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். தின்றதாக ஒப்புக்கொள்ளும் வீடு ஒன்றுகூடக் கிடையாது.

கறி பின்வாசல் வழியாகத்தான் போகும். வேலியோரம் ஒரு தூக்குச்சட்டி திறந்து கிடக்கும். பாக்கியவதி கறியை வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி, சட்டியில் விரல் படாமல் மேலிருந்து போட்டுவிட்டு விலகிப் போக வேண்டும். அவள் வளர்த்த பன்றி மேலத்தெரு வயிற்றுக்குள் போகலாம். அவள் விரல் மேலத்தெருச் சட்டியில் படக்கூடாது. இத்தனைக்கும் மேலத்தெருவும் அவளுடைய கீழத்தெருவும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவை. தாமிரபரணித் தண்ணீரை மொண்டு ஊற்றி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. தலைகள் நனைந்தன, தெருக்கள் நனையவில்லை.

பாக்கியவதி பாளையங்கால்வாய்க் கரையில் பிறந்தவள். தகப்பனுக்கும் பன்றி வளர்ப்புதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தாள். பெஞ்சியில் இடம் கிடந்தும் அவளை வாசற்படியில் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் சிலேட்டைக் கொண்டுபோய் வாத்தியார் மேசைமேல் வைத்துவிட்டு, "படிக்கணும்னா பெஞ்சில இருந்து படிக்கேன்" என்று சொல்லி வீட்டுக்கு நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. வயல் கூலிக்காரன் அப்பாத்துரைக்கு வாழ்க்கைப்பட்டு கிருபாபுரம் கீழத்தெருவுக்கு வந்தாள். அப்பாத்துரை நல்லவன், பயந்தவன். எதிரே மேலத்தெருக்காரர் வந்தால் வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கி நிற்பான். அவள் இறங்கமாட்டாள், வரப்பில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்பாள்.

கிருபாபுரத்தில் ஆண்டுக்கொருமுறை அசனப் பண்டிகை நடக்கும். சபையார் எல்லோரும் கூடி உண்ணுகிற அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். பெண்கள் நாள்தோறும் உலை வைக்கும்போது சபைக்கென்று எடுத்துப் போடும் பிடியரிசிதான் சோறாகும். ஆடுகளை மேலத்தெரு தரும். அன்பு மட்டும் இரண்டு பந்தியாகப் பரிமாறப்படும்: மேலத்தெரு முதலில், பந்தலுக்குள்; கீழத்தெரு பிறகு, புளியமரத்தடியில், மிச்சம் இருப்பதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில், பண்டிகைக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும், யார் யார் என்ன தருகிறார்கள் என்று உபதேசியார் சாலமோன் கேட்டுக்கொண்டு வந்தார். கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"நான் ஒரு பன்னி தாரேன். ரெண்டு தெருவும் ஒரே பந்தியில உக்காந்து திங்கணும்."

மேலத்தெரு திரும்பிப் பார்த்தது. சபை மூப்பர் இஸ்ரவேல் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். ஊரில் பெரிய நிலமும் பெரிய குரலும் அவருடையவை.

"ஏட்டி, பன்னி விலக்கப்பட்ட சீவன். மோசே விலக்கினது."

"மொயலையும் சேத்துத்தான விலக்கினாரு மூப்பரய்யா? செதிலில்லாத மீனயும் விலக்கினாரு. போன கிழம நீங்க மொயல்கறி தின்னிய. நேத்து உங்க வீட்டுக்குக் கெளுத்தி போச்சு."

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து இருமலாக மாறியது. சண்டை வளருவதற்குள் உபதேசியார் ஒரு வழி சொன்னார். பாக்கியவதி பந்தலுக்கு வெளியே கறி சமைக்கட்டும். மேலத்தெருவிலிருந்து ஒரே ஓர் ஆள் வந்து, பட்டப்பகலில், கீழத்தெருவோடு தரையில் உட்கார்ந்து தின்றால், அடுத்த ஆண்டிலிருந்து அசனத்துக்கு ஒரே பந்தி. ஒருவரும் வராவிட்டால் கீழத்தெரு இனி இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

"சம்மதம்!" என்று மூப்பர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எவன் வரப்போகிறான் என்பது அவர் தைரியம்.

"சம்மதம்" என்றாள் பாக்கியவதி.

அந்த ஆண்டு பனை சரியாகக் காய்க்கவில்லை. பனம்பழம் தின்று கொழுக்க வேண்டிய பன்றி, கால்வாய்க் கரை முழுக்க ஓடி வேர் தோண்டித் தின்றதில் விலா தெரிய நின்றது. பண்டிகையன்று விடியலில் அறுத்துப் பார்த்தால் தொடையிலும் முதுகிலும் சிவந்த சதைதான்; கொழுப்பு பேருக்குத்தான் ஒட்டியிருந்தது. கொழுத்த பன்றியைத் தீயில் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசிவிட்டு வரலாம்; தன் நெய்யில் தானே வேகும். இது அப்படியில்லை. கண் அசந்தால் விறகாகிவிடும்.

"கொழம்பு வச்சிருவம்ளா" என்றான் அப்பாத்துரை. "எம்புட்டு நேரம் கெடந்தாலும் கெடாது."

"கொழம்புன்னா சட்டியில மூடித் தூக்கிட்டுப் போயிருவாவ. அதுவுமில்லாம, கொழம்பு வாசம் பந்தல் வரைக்கும் போவாது. சுட்டாத்தான் போவும்."

மேல்காற்று அடிக்கிற மாதம். அவள் தீக்குழியைப் பந்தலுக்கு நேர் மேற்கே வெட்டச் சொன்னதன் காரணம் அப்போதுதான் அப்பாத்துரைக்கு விளங்கியது. முதல் முறையாக அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

முழுத் தொடையையும் முதுகுச் சதையையும் உப்பு, மஞ்சள், தட்டிய மிளகு, பூண்டு போட்டுப் பிசறினாள். புளித்த கள்ளுக்காடி கொஞ்சம் தெளித்தாள். குடலைச் சுற்றியிருந்த வலை போன்ற கொழுப்புச் சவ்வைக் கிழியாமல் உரித்துச் சதைமேல் போர்த்தினாள். பாதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. கிணறு வெட்டும் கடப்பாரையைத் தேய்த்துக் கழுவி அதில் கறியைக் கோத்து, இரண்டு கல்மேல் ஏற்றினார்கள். புளியவிறகு எரிந்து தணலானதும் தணலை இரு பக்கமும் ஒதுக்கிவிட்டாள். கறிக்கு நேர் கீழே தீ கூடாது. சூடு பக்கவாட்டில் வந்து தழுவ வேண்டும். அப்பாத்துரை கடப்பாரையைப் பையப் பையத் திருப்பினான். அவள் கருவேப்பிலைக் கொத்தைத் தேங்காயெண்ணெயில் முக்கி முக்கித் தடவினாள். எண்ணெய் சொட்டிய இடத்தில் தணல் சீறியது. கீழத்தெரு முழுவதும் சுற்றி நின்று, கோழிச்சண்டை பார்ப்பதுபோலப் பார்த்தது.

முதல் புகை பந்தலுக்குள் நுழைந்தபோது உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. மூடிய கண்கள் மூடியபடியே இருக்க, மூக்குகள் மட்டும் மேற்கே திரும்பின.

பிறகு வந்தன சட்டிகள். புளியமரத்துக்குப் பின்னால் ஒன்று, வேலிக்குப் பின்னால் ஒன்று. மூப்பரின் மனைவி சாரம்மாளே சேலைத் தலைப்புக்குள் ஒரு பித்தளைத் தூக்கை மறைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏளா பாக்கியம், முதுகுல ஒரு துண்டு. மேல ரெண்டு எல வச்சு மூடிரு."

"இன்னைக்குத் தூக்குல போடமாட்டேம்மா. அந்தால உக்காருங்க, எலையில வைக்கேன்."

"வெளாடுதியா? அவரு பாத்தா என்னாவும்?"

"அவரும் வந்து உக்காரட்டும்."

சாரம்மாள் முகம் சிவக்கத் திரும்பிப் போனாள். மற்றச் சட்டிகளும் அதே பதிலோடு திரும்பின.

பாக்கியவதி தென்னை ஈர்க்கு ஒன்றைத் தொடையில் குத்தி எடுத்தாள். சிவப்பு நீர் நின்று தெளிந்த நீர் வந்தது. இதுதான் சமயம். பன்றி வேகாமலும் இருக்கக்கூடாது. இந்தத் தெளிந்த நீர் வற்றவும் விடக்கூடாது. இறக்கி வெட்ட வேண்டும், சூட்டோடு தின்ன வேண்டும். தின்ன ஆள் எங்கே?

பந்தலுக்குள் இலை போட்டு எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"குடுத்துத் தொலைளா" என்று அப்பாத்துரை கெஞ்சினான். "சட்டியிலயாவது போட்டுக் குடு. காஞ்சு போச்சுன்னா நாய்கூடத் திங்காது. ஒரு வருசம் வளத்த பன்னிட்டி!"

"நாய் தின்னாத் தின்னுட்டுப் போவட்டும். பின்வாசலுக்கு இனி ஒரு துண்டு போவாது."

சொல்லிவிட்டு அவசரமாகத் தணலை இன்னும் தள்ளி ஒதுக்கினாள். எண்ணெயை அள்ளி ஊற்றினாள். கறியின் ஓரம் கறுத்துச் சுருங்கத் தொடங்கியது.

மூப்பர் பொறுமையாக இருந்திருந்தால் அன்று ஜெயித்திருப்பார். பெரிய குரல் படைத்தவர்களுக்குப் பொறுமை ஏது? எழுந்து நின்று, மேற்கே கை நீட்டி முழங்கினார்:

"பாத்தியளா சனங்களே! என் வீட்டு வாசல இந்த வாடை மிதிச்சதில்ல. இதத் திங்கிறவ வயிறு வயிறில்ல, சாக்கட!"

பெண்கள் வரிசையில் சாரம்மாள் நிமிர்ந்தாள். தன் இலையைத் தரையிலிருந்து எடுத்தாள். எல்லோரும் பார்க்க, பந்தலின் முன்வாசல் வழியாக வெளியே நடந்தாள்.

"ஏளா சாரா! எங்கன போற?"

"சாக்கடய நெரப்பப் போறேன்."

"கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு?"

சாரம்மாள் நின்று திரும்பினாள். "கிறிஸ்மசுக்கு காட்டுப்பன்னின்னு மூணு தரம் கேட்டு வாங்கித் தின்னீரே, எந்தக் காட்டுலருந்து வந்துச்சாம் அது?"

"ஒன் தம்பி பாவநாசம் மலையில சுட்டுக் கொண்டாந்ததுல்லா!"

"என் தம்பி குருவியக்கூடச் சுட்டதில்ல. எல்லாம் இவ தொழுவத்துப் பன்னிதான். பனம்பழம் திங்காத மெலிஞ்ச பன்னியாப் பாத்து வாங்கிக் காட்டுப்பன்னின்னு வச்சேன். காட்டுப்பன்னின்னா ஒமக்குக் கௌரவம், வீட்டுப்பன்னின்னா சாக்கட!"

பந்தல் கூரை பறக்கச் சிரித்தது. சாரம்மாள் நேரே வந்து கீழத்தெருப் பெண்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாக்கியவதி பாய்ந்து முதுகுச் சதையை அறுத்து அவள் இலையில் வைத்தாள். அறுத்த இடத்தில் சாறு மினுங்கியது. சாரம்மாள் ஊதி ஊதித் தின்றாள். "ஆள் வந்தாச்சு! ஒரே பந்தி!" என்று கீழத்தெரு கூவியது.

"செல்லாது!" என்று மூப்பர் அலறினார். "பொம்பள வந்தது கணக்குல சேராது. சபைக் காரியத்துல பொம்பளைக்கு என்ன பேச்சு?"

சிரிப்பு சட்டென்று நின்றது. இலைகளில் அப்போதுதான் சோறு விழுந்திருந்தது. ஒவ்வொரு பருக்கையும் பிடியரிசி.

சாரம்மாள் வாயில் கறியோடு சொன்னாள்: "கேட்டியளாளா? நாம கணக்குல இல்லியாம். அப்போ நம்ம பிடியரிசியும் கணக்குல இல்ல. இனி உலைக்கு இவரே பிடி எடுத்துப் போடட்டும்."

பாட்டுக்குழுவின் முதல் குரல் ஜெபகனி. அவள் எழுந்தாள், இலையோடும் சோற்றோடும். அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசை முழுவதும் எழுந்தது. இரு கையிலும் இலையை ஏந்திக்கொண்டு, வெயிலில், புகையை நோக்கி அவர்கள் நடந்து வந்தார்கள். பாக்கியவதி கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். அப்பாத்துரை கறித்துண்டுகளை அள்ளி ஒவ்வோர் இலையாக வைத்தான். அவன் விரல் பட்ட இலையை எவளும் இழுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் இல்லாத பந்தலில் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள், ஒருவர் பின் ஒருவராகத் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

உபதேசியார் ஆட்டுக்கறி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அங்கன ஆளில்ல. அடுத்த வருசம் என்ன அடுத்த வருசம்? இப்பமே ஒரே பந்தியா வெளம்பிருவம்!"

கடைசியில் மூப்பரும் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உட்காராமல், குழியோரம் நின்றார். பாக்கியவதி தொடையின் கடைசி ஓரத்தை அறுத்து வாயில் போட்டு மென்றாள். வறண்டிருந்தது. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தியை அவர் பக்கம் நீட்டி,

"பாரும்! நீரு கெடந்து வழக்காடினதுல என் கறி ஓரமெல்லாம் காஞ்சு போச்சு வே!" என்றாள்.

கீழத்தெரு நாக்கு ஒன்று மேலத்தெருக்காரரை, சமானமானவரைக் கூப்பிடுவதுபோல, 'வே' என்று கூப்பிட்டது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. மூப்பரோடு சேர்ந்து அதட்டுவதற்கு ஆளில்லை. எல்லார் வாயிலும் கறி இருந்தது.