சுவரோரக் கல்லில் எரிந்த மெழுகுவர்த்தி

நேற்று நியூ டவுனில் உள்ள என் வீட்டில் போன மின்சாரம் திரும்பி வந்ததும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். அந்தத் திரியின் புகை என்னைச் சிறுவயதுக் கல்லறைத் திருநாள் ஒன்றுக்கு இழுத்துப் போனது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவுக்கு எழுத்து தெரியாது. தன் தங்கை ரோசம்மாவின் அடக்கத்தன்று காய்ச்சலில் கிடந்தவர், பிறகு யாரோ காட்டிய வேப்பமரத்தடிக் கல்லில்தான் வருடந்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றி முத்தமிடுவார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த வருடம் கல்லில் இருந்த பெயரைப் பெருமையோடு எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"அப்பா, இது ரோசம்மா அத்தை இல்ல. யாரோ டேனியல்."

அப்பா கல்லிலிருந்து கையை எடுத்தார். "அப்போ இத்தன வருசமா என் தங்கச்சி வெளிச்சம் இல்லாமலா கெடந்தா? தேடு தாயி."

இருட்டுவதற்குள் வரிசை வரிசையாக வாசித்தேன். சுவரோரம் அத்தையின் பெயர் இருந்தது. அந்தக் கல்லில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அடியில் பல வருட மெழுகு கனமாக உறைந்திருந்தது. சுற்றிலும் ஆளே இல்லை.

"நமக்கு இந்த ஊர்ல வேற யாருப்பா இருக்கா?"

"ஒருத்தரும் இல்ல." அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். "அவ பேர இன்னொருக்கா வாசி."

இப்போது நான் மட்டும்தான் போகிறேன். டேனியலுக்கும் ஒன்று ஏற்றுகிறேன். எவ்வளவு சீக்கிரம் போனாலும் அத்தையின் கல்லில் எனக்கு முன்பே ஒன்று எரிகிறது.

போன வருடம், அப்பாவின் புதுக் கல்லிலும்.