அய்யா மடியில் என் விசிட்டிங் கார்டு

ஈரம் காயாத அச்சு மையின் வாசனை... மண்ணெண்ணெயும் புதுக் காகிதமும் கலந்த மாதிரி இருக்கும். முதல்முதலாக என் பெயரை அச்சில் பார்த்த அன்று என் விரலெல்லாம் அந்த வாசனைதான்.

அறுபதுகளின் தொடக்கம். ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் என்னையும் சேர்த்து மூன்று செல்லம்மாள்கள். ஒரு நாள் வெளியூர்த் தலைமையாசிரியை ஒருவர் வந்து, நான் கணக்குப் பாடம் நடத்தியதைப் பார்த்துவிட்டு, "பரீட்சை முடியட்டும், எங்க ஸ்கூலுக்கு வந்துரு" என்று சொல்லிப் போனார். சொன்னபடி கடிதமும் வந்தது, 'செல்லம்மாளுக்கு' என்று மட்டும் எழுதி. ஆபீஸில் அதை வேறொரு செல்லம்மாளிடம் கொடுத்துவிட்டார்கள். வேலை அவளுக்குப் போய்விட்டது. பாவம், அவளுக்கும் விஷயம் தெரியாது.

நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பக்கத்துக் கட்டில் நூர்ஜஹான், கீழக்கரைக்காரி, அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அழுவாதடி. எங்க மாமா பிரஸ்ல வேலை பாக்குறாக. பெரிய ஆபீசருக கார்டு வச்சிருப்பாகள்ல, அது மாதிரி உனக்கு அடிச்சுத் தாரேன்."

"படிக்கிற புள்ளைக்கு எதுக்குடி கார்டு?"

"படிக்கிற புள்ளையத்தான் ஒருத்தருக்கும் தெரியாது!"

கல்யாணப் பத்திரிகை வெட்டி மிஞ்சிய ரோஸ் அட்டை. மேலே ஒரு சின்னத் தாமரைப்பூ. கீழே, 'ரா. செல்லம்மாள், ஆசிரியைப் பயிற்சி மாணவி, நயினார்கோவில்.' மொத்தம் நாற்பது கார்டு.

அடுத்த மாதம் ஆசிரியர் கூட்டம் ஒன்று நடந்தது. தண்ணீர் கொடுக்கும் சாக்கில் ஒரு டீச்சரிடம் கார்டை நீட்டப் போனேன். பின்னாலிருந்து வார்டன் அம்மா வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். "வயசுப்புள்ள அட்ரஸ அச்சடிச்சு ஊருக்கே குடுக்குறியா? நாளைக்கு எவன் வந்து நிப்பான்னு தெரியுமா?" அத்தனை கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து என்னைப் பெற்ற அய்யாவை வரச் சொல்லி எழுதிவிட்டார்.

படிப்பு அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அய்யா கைநாட்டு. மிளகாய்க் கொல்லையிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். வார்டன் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கார்டை எடுத்தார்.

"எங்கன இருக்கு உம் பேரு?"

"இங்கன, அய்யா..." தொட்டுக் காட்டினேன். அவர் விரல் அந்த எழுத்துகள் மேல் மெல்லப் போனது.

"தப்பா ஒண்ணும் அடிக்கலையே டீச்சரம்மா? எம்புள்ள பேரும் எங்க ஊரு பேருந்தானே? எந்தப் பயலும் வந்து நிக்கமாட்டான், வந்தா நான் இருக்கேன். நீங்க குடுங்க, நான் கொண்டு போறேன்."

வார்டன் மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அய்யா கார்டுகளை மடியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு அவர் செய்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். பஸ் கண்டக்டர், தபால்காரர், பரமக்குடி மிளகாய் மண்டி முதலாளி... பார்த்தவருக்கெல்லாம் ஒரு கார்டு. பூ மேலே இருந்தால் நேராகப் பிடித்திருக்கிறோம் என்று ஒரு கணக்கு. "எம்புள்ள. டீச்சருக்குப் படிக்குது. படிச்சுப் பாருங்க" என்பாராம். அவர்கள் சத்தமாக வாசித்து முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டாராம்.

மண்டி முதலாளியின் கொழுந்தியாள் உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. கார்டு அவர் கைக்குப் போய், பரீட்சை முடிந்த மூன்றாம் வாரமே வீட்டுக்குக் கடிதம் வந்தது. முழுப் பெயரோடு, ஊரோடு. முப்பத்தாறு வருஷம் டீச்சராக இருந்தேன்.

நூர்ஜஹான் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனாள். கொஞ்ச நாள் கடிதம் வந்தது... அப்புறம் நின்றுவிட்டது.

போன வாரம் பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண், யாரோ கம்பெனிக்காரர்களைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பினாள். "கார்டு அடிச்சு வச்சுக்கம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே போனைக் காட்டினாள். அதை நீட்டினால் போதுமாம், எல்லா விவரமும் அவர்களுக்குப் போய்விடுமாம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

எங்களுக்கு அந்தத் தைரியம் இல்லை...

எங்களுக்காகச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.