மெழுகுவத்தி அணையாமல் ஊது

எங்கள் பிரசவ வார்டில் அந்த நர்ஸை ஊதக்கா என்று கேட்டால்தான் காட்டுவார்கள். வலி எடுத்த பெண்ணின் முகத்துக்கு நேரே ஆள்காட்டி விரலை நிறுத்துவாள். "இது மெழுகுவத்தின்னு நெனச்சுக்கோ. மூக்கால இழு, வாயால மெதுவா ஊது. சுடர் ஆடணும், ஆனா அணையக் கூடாது." சொன்னால் மட்டும் போதாது, கூடவே ஊதவும் வேண்டும் என்பது அவள் கட்சி. எந்தப் பெண் எந்த வேகத்தில் மூச்சு விடுகிறாளோ அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குறைத்துக் கொண்டுவருவாள். ஷிஃப்ட் முடிவதற்குள் தொண்டைத்தண்ணீர் வற்றிவிடும்.

"சம்பளத்துக்கு ஊதற ஒரே ஆள் நீதான்கா" என்று கிண்டல் செய்வேன். சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பிருக்காது. சுவரில் சாய்ந்து செருப்பைக் கழற்றி, வீங்கின காலை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொள்வாள். அவள் பக்கத்திலேயே நானும் அதைத்தான் செய்துகொண்டிருப்பேன்.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், போனால் எப்போது திரும்புவார் என்று நிச்சயமில்லை. ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, தானே பூட்டைத் திறந்து, தானே சமைத்துத் தின்று வளர்ந்தவள். ஊதக்கா வீட்டுக்குப் போனதும் யூனிஃபார்மோடு தரையில் சாய்ந்துவிடுவாள். மகள் அன்றைய கதையைச் சொல்ல ஆரம்பித்தால், பாதியிலேயே குறட்டை கேட்கும்.

அந்த மகளுக்குப் பிரசவம் எங்கள் வார்டில்தான் என்று முடிவானது. மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ நர்ஸா வராதம்மா. அம்மாவா வா."

ஊதக்காவும் லீவு போட்டாள், சாதாரணப் புடவையில்தான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வார்டில் ஆள் பற்றாக்குறை. பெரிய சிஸ்டர் கதவருகே நின்று, "உள்ளதானே இருக்கப் போறீங்க, பக்கத்துக் கட்டிலையும் கொஞ்சம் பாத்துக்கங்களேன்" என்றதும், மறுபேச்சில்லாமல் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஊருக்கு உழைத்தே ஓய்ந்துபோனவள், இன்றைக்காவது ஒரு நாள் முடியாது என்று சொல்லக்கூடாதா?

வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் மகள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் பல்லைக் கடித்து மூச்சை அடக்கினாள். ஊதக்கா விரலை நீட்டினாள், சொன்னாள், கெஞ்சினாள். மகள் கண்ணைத் திறக்கவே இல்லை. டாக்டர் வந்து பார்த்தார். "குழந்தையோட துடிப்பு இறங்கி இறங்கி வருது. இவங்களும் சோர்ந்துட்டாங்க. இப்படியே மூச்சை அடக்கிக்கிட்டிருந்தா ஆபரேஷன்தான்" என்று சொல்லிவிட்டு, ஏற்பாடு செய்யப் போனார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அடுத்த வலி வந்தபோது, ஊதக்கா மகளுக்கும் சேர்த்துத் தானே மூச்சுவிட ஆரம்பித்தாள். மெழுகுவத்தியாவது ஒன்றாவது, அடுப்பு ஊதுகிற மாதிரி படபடவென்று ஊதினாள். வேகமாக விட்டால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! அவள் விரல்களே கோணிக்கொண்டன. உதடு வெளுத்தது. கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள். நான் ஓடிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, என்னம்மா ஆச்சு? மெதுவா விடும்மா." ஆள்காட்டி விரலை அம்மா முகத்துக்கு நேரே தூக்கினாள். "இது மெழுகுவத்தி. சுடர் ஆடணும், அணையக் கூடாது. என்னைப் பாரு. மூக்கால இழு."

"ஒனக்கு எப்படிடி..." என்றாள் ஊதக்கா.

"தூக்கத்துல தெனமும் இதத்தானேம்மா சொல்லுவ. வேற எதுவும் எங்கிட்ட சொன்னதில்லையே."

அடுத்த வலி வந்துவிட்டது. அம்மாவுக்காக ஆரம்பித்த மூச்சை மகள் நிறுத்தவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஊதினார்கள். துடிப்பு மெல்ல ஏறி நின்றது. டாக்டர் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" என்றார். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் தேவைப்படவில்லை.

குழந்தையைத் துடைத்து மகளின் மார்பில் போட்டேன். ஊதக்கா ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அழக்கூடத் தெம்பில்லாமல். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சிஸ்டர், வலிக்குது சிஸ்டர்" என்று ஒரு பெண் கூப்பிட்டாள். ஊதக்கா பழக்கத்தில் எழுந்தாள். மகள், சின்ன வயதில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே நின்று எப்படிப் பார்த்திருப்பாளோ, அப்படிப் பார்த்தாள்.

ஊதக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போம்மா" என்றாள் என்னிடம். "எனக்கு இங்க வேல இருக்கு."

நான் திரையைத் தள்ளிக்கொண்டு போய், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே என் விரலை நீட்டினேன்.