அண்ணனுக்கும் ஒரு கட்டம்

புது வருஷத்தில் இன்னது செய்வேன், இன்னதை விடுவேன் என்று எழுதி வைக்கிற வழக்கம் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு வருஷம் இருந்தது. ஆரம்பித்தவள் அம்மா. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டோடு இருந்தவள் அவள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி, அவளுக்கு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் எங்கள் முன்னறை, மாணவி நான்.

கோவில்பட்டிக்கு வெளியே, பசுவந்தனை ரோட்டோரம் எங்கள் வீடு. சுற்றிலும் பருத்திக்காடு. அப்பாவுக்கு மணியாச்சி ஸ்டேஷனில் வேலை. விடியுமுன் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வருவார். ஊர்ப் பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வருஷத்தில் பத்து மாதம் அந்த ஓடைக்குள் ஆடு மேயும். முந்தின ஐப்பசியில், பள்ளி விட்டு வந்த அண்ணன் அதைக் கடக்கும்போது, மேற்கே எங்கோ பெய்த மழை வந்து சேர்ந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். அவன் ஐந்தாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. அதனால் இதைச் சொல்ல இருக்கிறேன்.

"இனி இவ பள்ளிக்கூடம் போக வேண்டாம். நான் சொல்லிக் குடுக்கேன்" என்றாள் அம்மா. அப்பா மறுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அப்போது யாரும் யாரையும் மறுத்துப் பேசுகிற நிலையில் இல்லை.

வருஷம் பிறந்த அன்று காலையில் அம்மா ஒரு சார்ட் அட்டையில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். இடப்பக்கம் நேரங்கள்: ஆறு மணிக்கு எழுவது, ஒன்பதுக்கு வருகைப் பதிவு, பத்துக்குக் கணக்கு, பன்னிரண்டுக்குக் கையெழுத்து. வலப்பக்கம் அவரவர் அந்த வருஷம் சாதிக்க வேண்டியது. அப்பா பீடியை விட வேண்டும். அம்மா கோபத்தைக் குறைக்க வேண்டும். நான் பதினாறாம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் ஒப்பிக்க வேண்டும், நகம் கடிக்கக் கூடாது. நாலாவதாக ஒரு கட்டம் இருந்தது. 'பெரியவன்: கணக்கில் அவசரப்படக் கூடாது. இரண்டு அங்குலம் வளர வேண்டும்.'

அப்பா தன் கட்டத்தைப் படித்துவிட்டுத் தண்டனை கேட்டவர்போல் தலையாட்டினார். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் வெகுநேரம் நின்றார். பிறகு தீப்பெட்டி ஒட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சிரட்டை பசை வாங்கி வந்து சுவரில் ஒட்டினார். அது மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. பாச்சையும் அண்டாது, ஒட்டியதும் லேசில் வராது. எனக்கோ சந்தோஷம். ஒற்றையாகப் படித்து அடி வாங்க வேண்டியதில்லை, கூட ஒரு ஆள் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அம்மா இரண்டு பாய் விரித்தாள். நோட்டைத் திறந்து, "பெரியவன்" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுக் காலிப் பாயைப் பார்த்துக் காத்திருந்தாள். வெளியே கிடை ஆடுகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ கேட்டவள்போல் தலையசைத்து டிக் அடித்தாள். "சின்னவ" என்றாள். "உள்ளேன் அம்மா" என்று எழுந்து நின்றேன்.

நாலு நாள் போயிற்று. அண்ணனுக்குக் கொடுத்த வீட்டுக்கணக்கு அவன் நோட்டில் தொடப்படாமலே கிடந்தது. "ஏன்லே எழுதல?" என்று பாயைப் பார்த்துக் கேட்டாள். "அவன் எழுதாம எனக்குச் சோறு இறங்காதுட்டி" என்று என்னிடம் சொன்னாள். சொன்னபடியே சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் குடத்தைத் தூக்கியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயம் வந்தது. அண்ணன் போன மாதிரி இவளும் போய்விடுவாள் என்று பயம். அண்ணன் நோட்டை எடுத்தேன். அவனுக்கு இடது கைப் பழக்கம். நானும் பென்சிலை இடது கையில் பிடித்து, தெரிந்த வரையில் நாலு கணக்கைப் போட்டு வைத்தேன்.

அம்மா திருத்தினாள். "கொஞ்ச நாள் எழுதாம எழுத்து கோணிப் போச்சு" என்றாள். மூன்று தப்புக்குச் சுழித்து, ஒன்றுக்கு 'நன்று' போட்டாள். பிறகு தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு விட முடியுமா? ஐந்தாம் வகுப்புக் கணக்கு மூன்றாம் வகுப்புக்காரியின் தலையில் விழுந்தது. தசமமும் பின்னமும் முட்டி மோதிக் கற்றேன். என் சொந்த நோட்டு பின்தங்கியது. அம்மா அதைக் கேட்கவே இல்லை. மாசியில் பருத்தி வெடித்தபோது என் இடது கை எழுத்து நேராகிவிட்டது. ஒருநாள் வருகைப் பதிவில் "பெரியவன்" என்று கூப்பிட்டு அவள் காத்திருந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "உள்ளேன் அம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா சிரித்தாள். நோட்டை மூடிவிட்டாள். "சின்னவ" என்று அவள் அப்புறம் கூப்பிடவில்லை.

பேன் என்று சொல்லி என் முடியை ஒட்ட வெட்டினாள். வெயிலுக்குக் காற்றாட இருக்கும் என்று அண்ணனின் கட்டம் போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். எங்கள் பக்கம் பையன்களை ஏலே என்பார்கள், பெண்பிள்ளைகளை ஏட்டி என்பார்கள். அம்மா என்னை எப்போது ஏலே என்று கூப்பிடத் தொடங்கினாள் என்று எனக்கு நினைவில்லை. திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டிருந்தேன். அப்பா பார்க்காமல் இல்லை. "கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்று தனக்கே சொல்லிக்கொள்வார். பிறகு வெளியே போய், விட்டுவிட்டதாக டிக் அடித்த பீடியைக் குடிப்பார்.

பங்குனியில் ஒரு நடுப்பகல். வெளியே காக்கை கூடக் கத்தவில்லை. தையல் போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்.

"ஏலே, அந்தப் பச்சைப் பம்பரத்த எங்க வச்ச?"

அண்ணன் பம்பரத்தை என் கண்ணில் காட்டவே மாட்டான். அது இருக்குமிடம் எனக்குத் தெரியாது. ஆனால் என் வாய், "எரவாணத்துல, ரெண்டாவது கம்புக்கு மேல" என்றது. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி ஓட்டுக்கு அடியில் கைவிட்டாள். கையில் பச்சைப் பம்பரம் வந்தது, சாட்டைக் கயிறு சுற்றியபடியே. அவள் ஆச்சரியப்படவில்லை. நான்தான் அதைத் தொடாமல் பின்னால் நகர்ந்தேன். அவன் ஒளித்து வைத்ததை எப்போதோ பார்த்து மறந்திருப்பேன் என்று இன்று சொல்லிக்கொள்கிறேன். முழுசாக நம்ப முடியவில்லை.

அதே வாரம் அப்பா வழக்கமில்லாமல் பகலில் வந்தார். வாசலுக்கு முதுகு காட்டிக் கையெழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் பை விழுகிற சத்தம் கேட்டது.

"பெரியவனே!"

"என்னப்பா?" என்று திரும்பினேன்.

அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னை அருகில் இழுத்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "நீ யாருட்டி?" என்று கேட்டார். எளிய கேள்விதான். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்று மாலை அவர் அம்மாவிடம் சொன்னார், "சூன் மாசம் இவ பள்ளிக்கூடம் போவா."

"தண்ணி வந்தா?"

"டூட்டிய மாத்திக் கேக்கேன். பாலத்தச் சுத்தி நானே கூட்டிட்டுப் போறேன். இருக்கிறதையும் தொலைச்சிராதட்டி."

மறுநாள் அம்மா பாய் விரிக்கவில்லை. ஜூன் வரைக்கும் வீட்டில் வருகைப் பதிவு நடக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று என் பை கனத்தது. மத்தியானம் திறந்து பார்த்தால் இரண்டு தூக்குச்சட்டி. இரண்டிலும் புளிச்சோறு, இரண்டிலும் வறுத்த மோர் மிளகாய். வெகுநாள் கழித்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாடிய பசி எனக்கு. இரண்டையும் காலி செய்தேன்.

சாயங்காலம் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சட்டிகளை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"அண்ணன் சாப்பிட்டானாட்டி?"

அவனுக்காகப் பொய்யாக எழுதியிருக்கிறேன், பொய்யாக ஆஜர் சொல்லியிருக்கிறேன். அன்று பயந்தது வேறு விஷயத்துக்கு. திருடித் தின்றதாக ஆகிவிடுமே என்று உண்மையைச் சொன்னேன்.

"அவன் வரலம்மா. ரெண்டையும் நான்தான் தின்னேன்."

"வரலையா?"

"வரல."

அம்மா காலிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது. அண்ணன் போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். பசைக் கையோடு பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள். "அழட்டும், விடும்மா" என்றார் அப்பா. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. பெண்டாட்டி தரையில் புரண்டு அழ, இந்த மனுஷனுக்கு என்ன நிம்மதி என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அண்ணன் பங்கைத் தின்றதற்குத்தான் இவ்வளவு அழுகை என்று நினைத்தேன். அம்மாவின் தோளைத் தொட்டு, "நாளைக்கு அவனுக்கு வச்சிருதேன்மா, நான் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்தேன்.