அமோனியா கசிந்த பிறகு நானும் என் நாத்தனாரும்

மணமேல்குடிப் பக்கம் கடலோரத்தில் இருந்த ஓர் இறால் கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, ஐஸில் போடும் வேலை. என்னைச் சேர்த்துவிட்டது என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா; மதினி என்றுதான் கூப்பிடுவேன். சுற்றுவட்டாரப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருவது அவர்தான். கம்பெனி எங்கள் எல்லோருடைய கூலியையும் அவர் கையில் கொடுக்கும், அவர் எங்களுக்குப் பிரித்துத் தருவார். அதற்காக அவருக்குக் கொஞ்சம் கூடுதல். மற்றபடி எங்களோடு அதே மேசையில் நின்று அதே இறாலைத்தான் உரித்தார்.

ஒரு நாள் குளிர்சாதன அறைப் பக்கமிருந்து புஸ்ஸென்று சத்தம் கேட்டது. வெள்ளையாகப் புகை வந்தது. அது எந்திரத்துக்குள் ஓடும் அமோனியா என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம் கண்ணில் மிளகாய்ப் பொடியைக் கொட்டியது போன்ற எரிச்சலும், இழுத்தால் உள்ளே போகாத மூச்சும்தான். கதவு எந்தப் பக்கம் என்று புரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றினேன். யாரோ என் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே மணலில் விழுந்த பிறகுதான் அது நாத்தனார் என்று பார்த்தேன். என்னைப் போட்டுவிட்டு அவர் திரும்பவும் உள்ளே போனார்.

மற்றவர்கள் கொஞ்ச நாளில் தேறிவிட்டார்கள். எனக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கியது. நாத்தனாருக்கு வலது கண் மங்கிவிட்டது. கம்பெனி மேனேஜர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்து, வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், இனிமேல் கம்பெனி மேல் எந்தப் பாத்தியமும் இல்லை என்று ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார். அவர் தன்மையாகப் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

யோசிக்க எனக்கு என்ன தெரியும்? ஒருவர் போலீசில் புகார் கொடு என்றார். இன்னொருவர் ஈ.எஸ்.ஐ.யில் கேள் என்றார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொன்னவரும் உண்டு. எங்கள் பேச்சில் வாயுவும் கேஸ்தான், வழக்கும் கேஸ்தான். துபாயிலிருந்து வீட்டுக்காரர் போனில் கேஸ் என்னாச்சு என்று கேட்டால், எதைக் கேட்கிறார் என்று சில நேரம் எனக்கே விளங்காது. கடைசியில் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிற இடத்துக்குப் போனேன். அங்கிருந்து கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த வக்கீல் அம்மா பொறுமையாகக் கேட்டார். போலீஸ் கேஸ் தப்பு செய்தவருக்குத் தண்டனை வாங்க, அது தனி. கூலியில் ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அந்த ஆபீஸ் கொடுக்கும், எங்கள் கூலியில் அப்படி எதுவும் பிடித்ததில்லை. வேலையில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்பது என்றால் திருச்சியில் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். இதெல்லாம் புரிந்தது போலத்தான் இருந்தது, அடுத்த கேள்வி வரும் வரைக்கும்.

"ஒங்களுக்குக் கூலி யாரும்மா குடுத்தது?"

"எங்க மதினிங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அப்படியென்றால் நாத்தனார்தான் காண்டிராக்டர், கம்பெனியோடு அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும் என்றார்.

"என்னைய வெளிய இழுத்துப் போட்டதே அவுகதாங்க. அவுக மேலயே எப்படிங்க கேஸ் போடுறது?"

எதிர்மனுதாரர் என்றால் எதிரி என்று அர்த்தமில்லை என்று அவர் விளக்கினார். தலையாட்டினேன். பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துப் பார்த்தால் ஒன்றுமே விளங்கியிருக்கவில்லை.

அக்கா பேரைக் கோர்ட்டுக்கு இழுக்காதே என்று வீட்டுக்காரர் சொன்னார். மறுநாளே, கம்பெனி கேட்ட கையெழுத்தையும் போட்டுவிடாதே என்றார். வக்கீல் அம்மா சொன்னதை நாத்தனாரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். கம்பெனி நீட்டிய காண்டிராக்ட் தாள்களில் எப்போதோ கையெழுத்துப் போட்டதாகவும், வேன் ஓடுவதற்காக என்று நினைத்ததாகவும் சொன்னார். பிறகு, "எம் பேரையும் போடுத்தா. நா எதையும் ஒளிக்கல," என்றார். அவரும் தன் கண்ணுக்காகத் தனியாக மனுப் போட்டார்.

அதிலிருந்து என் மனுவில் அவர் எதிர்த்தரப்பு. அவர் மனுவில் நான் சாட்சி. அறந்தாங்கியில் திருச்சிக்கு ஒரே பஸ் ஏறி, ஒரே டப்பாவில் புளிச்சோறு சாப்பிட்டு, விசாரணை அறைக்குள் போனதும் ஆளுக்கொரு பக்கம் உட்காருவோம். கம்பெனி வக்கீல் என்னிடம், கூலி வாங்கியது இந்த அம்மாவிடம்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேலை சொல்வது யார் என்று வக்கீல் அம்மா கேட்டார். கம்பெனி சூப்பர்வைசர் என்றேன். இரண்டும் உண்மை. எந்த உண்மை யாரைக் காப்பாற்றும், யாரைக் கவிழ்க்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நாத்தனாரைப் பார்த்தேன். அவர் மங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மனுவுக்கும் உத்தரவு ஒன்றாக வந்தது. இடமும் வேலையும் கம்பெனியுடையது, அதனால் எனக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். நாத்தனார் காண்டிராக்டர், தொழிலாளி அல்ல, அதனால் அவர் மனு தள்ளுபடி.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். வக்கீல் அம்மா சொன்னதை நான்தான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

"அப்ப நீ செயிச்சுட்டியா?"

"ஆமா மதினி."

"நானும் அதே பொகையத்தான குடிச்சேன்?"

மதுரை ஹைகோர்ட்டில் அப்பீல் போடலாமாம் என்றேன். அவர் பஸ் வந்துவிட்டது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வலது பக்கம் வண்டி வருவது அவருக்குச் சரியாகத் தெரியாது.

அவர் மனுவுக்கு அப்பீல் போட்டாகிவிட்டது, இன்னும் விசாரணைக்கு எடுக்கவில்லை. கம்பெனி திரும்பவும் ஓடுகிறது, வேறொரு வேன் பெண்களை ஏற்றிப் போகிறது. எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். நாத்தனாரும் அப்படித்தான் சொல்கிறார், கோபமில்லாமல். அதைக் கேட்டுக்கொண்டே அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன்.