கஸ்தான்யோ பலகையின் கறை

அம்மா மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று சொன்னபோது, அதை இத்தாலியனில் சொல்லவேண்டியவளாக நான் நின்றேன். எனக்குப் பத்து வயது. பலெர்மோவின் கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில், அம்மா வீட்டுவேலை செய்த சிஞ்ஞோராவின், அதாவது எசமானி அம்மாவின், வீட்டில்தான் அது நடந்தது.

அந்தக் கோடையில் சிஞ்ஞோரா வெளிமுற்றத்துக்குப் புதிதாக மரத்தளம் போட்டிருந்தார். கஸ்தான்யோ மரம், குளிர்காலத்தில் பலெர்மோத் தெருக்களில் சுட்டு விற்பார்களே, அந்தக் கொட்டையின் மரம். வருகிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையைச் சொல்லுவார். வெளிநாட்டு மரம் தன் வீட்டுக்கு வேண்டாமாம். இது எட்னா மலைச்சரிவில் வளர்ந்த சொந்த மண்ணின் மரமாம். எண்ணெய் வேண்டாம், வர்ணம் வேண்டாம், மழையில் உக்காது, பூச்சி அரிக்காது, பேரப்பிள்ளைகள் காலம்வரை கிடக்குமாம். இதையெல்லாம் கேட்டபடி அம்மா அந்தப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அம்மாவோடு போயிருந்தேன். தளத்திலிருந்து இறங்கும் வெள்ளைப் பளிங்குப் படிகளில் பால்விடாத பிளேன்ரீ ஊற்றியதுபோலப் பழுப்புக் கறை வழிந்திருந்தது. இரும்பு நாற்காலிகள் நின்ற இடங்களில் பலகை மை கொட்டியதுபோலக் கறுத்திருந்தது. சிஞ்ஞோரா தன் மைத்துனிக்கு முன்னால் அம்மாவைக் கூப்பிட்டு, என்ன மருந்தை ஊற்றிக் கழுவினாய் என்று கேட்டார்.

"தண்ணி மட்டும்தான் எண்டு சொல்லு," என்றார் அம்மா. சொன்னேன்.

மைத்துனி சிரித்தார். இவர்கள் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு விளங்கிவிட்டது என்பது அவர் கையுறையைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.

சிஞ்ஞோரா நல்ல மனுசிதான். குரலைத் தணித்து, உன் அம்மா ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும், இதை மறந்துவிடுகிறேன் என்றார்.

"செய்யாததுக்கு என்னத்துக்கு மன்னிப்பு? கேக்கமாட்டன் எண்டு சொல்லு."

அதைப் பணிவாகச் சொல்ல எனக்கு இத்தாலியன் போதவில்லை. உள்ளபடி சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் அப்பா தலையில் கைவைத்தார். "இந்த நாட்டிலை இருக்கிற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம். வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராவிலை பொலிசிட்டை போய் என்னத்தைக் காட்டுறது? ஒரு சொல்லுத்தானே, சொல்லிப்போட்டு வாருமன்."

"சொன்னா நான்தான் ஊத்தினது எண்டு ஆயிடும். பிறகு அந்த வீட்டிலை எது உடைஞ்சாலும் நான்தான்."

கோடை முடிந்துவிட்டதால் பக்கத்து ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவின் சாப்பாட்டுக் கடைகளிலும் ஆள் தேவைப்படவில்லை. அம்மா கேட்டுக் கேட்டுத் திரும்பிவந்தார். அப்பா கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். வெளியில் மழை விடாமல் பெய்தது.

பிறகு சிஞ்ஞோரா எங்களுக்குப் போன் எடுத்தார். நான்தான் கேட்டுச் சொன்னேன். அம்மா இல்லாத வீட்டில், யாரும் கழுவாத படிகளில், திரும்பவும் அதே பழுப்பு. தளம் போட்ட தச்சரை ஏசுவதற்குக் கூப்பிட்டிருக்கிறார். புதுக் கஸ்தான்யோ அப்படித்தான் என்று அவர் சொன்னாராம். முதல் மழைகளில் உள்ளே இருக்கிற துவர்ச்சாறு கரைந்து வடியும், இரும்பு பட்டால் கறுக்கும். அந்தச் சாறு இருப்பதால்தான் மரம் உக்காமல் கிடக்கிறது. அம்மா நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றார் சிஞ்ஞோரா.

"அண்டைக்கு நிண்ட மற்ற மனுசியும் நிக்கவேணும். அப்பதான் வருவன் எண்டு சொல்லு."

அப்பா இரண்டு கைகளையும் கூப்பிக் காட்டினார். அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

நாங்கள் போனபோது மைத்துனி இருந்தார். சிஞ்ஞோரா ஒரு தட்டு இனிப்பை நீட்டினார். அம்மா அதை எடுக்காமல் நின்றார். சிஞ்ஞோரா பலகைகளைப் பார்த்தபடி மெல்ல, "ஸ்கூசா," என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுறா?"

எனக்கு வியப்பாக இருந்தது. பஸ்ஸிலும் சந்தையிலும் அம்மா நாளெல்லாம் சொல்லுகிற சொல் அது. "உங்களுக்குத் தெரியும்தானே," என்று முணுமுணுத்தேன்.

"தெரியும். நீ தமிழிலை சொல்லு. அவைக்குக் கேக்கிறமாதிரிச் சொல்லு."

"மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறா, அம்மா," என்று உரத்துச் சொன்னேன். மைத்துனி கடலைப் பார்த்தார். அம்மா "ஓம்" என்று தலையசைத்துவிட்டு, குழாயைத் திறந்து வாளியை நிரப்பத் தொடங்கினார்.

அவர்கள் இருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காத பாஷையில் அதை ஏன் அவ்வளவு உரத்துச் சொல்லவேண்டும் என்று, அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.