தாலிக்குள் ஒரு துண்டுச் செம்பு

தம்பியின் கலியாணத் தாலிக்கான பொன்னுருக்கலுக்குக் கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய நாணயம் இருபத்துநாலு கரட் தங்கம். தாலி செய்யும்போது அதில் வேறொன்றும் கலக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

காரணம் எனக்குத் தெரியும். முன்பு தன் தாலி தேய்ந்துபோக, அதை உருக்கி, செம்பு சேர்த்துத் திருப்பிச் செய்வித்தவர் அம்மா. அந்த வருடமே அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். "செம்பு கலந்த தாலி நிலைக்குமோ" என்று செத்தவீட்டில் ஒரு சொந்தக்காரி சொன்னதை அம்மா அப்படியே நம்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிற நான் அதைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை. கோழை என்றுதான் சொல்ல வேண்டும்.

பொன்னுருக்கல் அன்று காலை சரவணை ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில் நகை செய்யும் ஆசாரியார் நெருப்பு மூட்டினார். தாலியை இழந்தவர் சடங்கின் முன் வரக்கூடாது என்பதால் அம்மா சமைக்கும் குசினி வாசலோடு நின்றுகொண்டார்.

"அக்கா, தனித் தங்கம் மெத்து, லேசிலை வளைஞ்சுபோம். கொஞ்சம் செம்பு போட வேணும்" என்று ஆசாரியார் அம்மாவிடம் சொன்னார்.

"ஏலாது அண்ணை. செம்பு வேண்டாம்."

ஆசாரியார் வாதாடவில்லை. பெட்டியிலிருந்து ஒரே தடிப்பான இரண்டு கம்பிகளை எடுத்து என்னிடம் நீட்டினார். "வளைச்சுப் பாரும், ரீச்சர்."

தனித் தங்கம் நூல்போல மடிந்து, மடிந்தபடியே கிடந்தது. செம்பு கலந்தது முரண்டு பிடித்தது. செம்பும் மெத்தான உலோகம்தான். மெத்தான இரண்டு சேர உறுதி எங்கிருந்து வருகிறது? ஒரே அளவான தங்க அணுக்கள் வரிசை வரிசையாக இலகுவில் வழுக்கும். நடுவே சிறிய செம்பு அணுக்கள் புகுந்தால் வரிசை கோணி, வழுக்க முடியாமல் இறுகிக்கொள்ளும். பத்து வருடமாகக் கரும்பலகையில் வட்டம் வட்டமாகக் கீறிய சங்கதி. விரல்களுக்கிடையில் அதை உணர்ந்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இருபத்திரண்டு கரட் பவுணில் பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு செய்கிற வேலை அது.

கம்பிகளை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் வளைத்துப் பார்த்தார்.

"உறுதி கிடக்கட்டும். என்ரை பொடியனுக்கு ஏதும் நடந்தால்?"

ஆசாரியாருக்கு விளங்கவில்லை. "அக்கா, பவுண் எண்டாலே செம்பு கலந்ததுதான். நான் செய்து குடுத்த எல்லாத் தாலியிலையும் கிடக்கு."

"முன்வீட்டு மாமியின்ரையிலையுமோ?" அந்த மாமியின் கணவர் எண்பது தாண்டியும் சைக்கிள் ஓடித் திரிகிறவர்.

"ஓம். அது என்ரை ஐயா செய்தது. அதிலையும் கிடக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். "மெய்யோ பிள்ளை?"

"ஓம் அம்மா. உங்கடை தாலியிலையும் கலியாண நாளிலையே கிடந்தது."

அம்மா கம்பிகளை என் கையில் திருப்பித் தந்தார். பிறகு, "அப்ப போடுங்கோ அண்ணை" என்றார்.

தனியே உருகுவதென்றால் செம்புக்குத் தங்கத்தைவிடக் கூடிய சூடு வேண்டும். ஆனால் உருகிய தங்கத்துக்குள் விழுந்த அந்தச் சிவப்புத் துண்டு என் கண் முன்னாலேயே கரைந்து காணாமல் போனது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்ற நான், அம்மா குசினி நிலத்தில் உட்கார்ந்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப உன்ரை அப்பா என்னாலை போகேல்லை" என்றார்.